டியூஸ் எக்ஸ்: செயலும் முடிவும்

ஒரு விளையாட்டு எதற்கு மதிப்பெண் அளிக்கின்றதோ அதனையே ஆடுவோர்க்குக் கற்பிக்கின்றது. அறிவுரை எத்துணை வழங்கினும், மதிப்பெண் வேறோரிடத்தில் இருக்குமாயின் மனம் அங்கேயே செல்லும். தேர்வுத்தாள் திருத்திப் பழகிய ஆசிரியர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கணினி விளையாட்டுகளை ஆராயப் புகுவார்க்கும் இதுவே தக்க அளவுகோலாகும்.

2000-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்த 'டியூஸ் எக்ஸ்' என்னும் விளையாட்டை இவ்வளவுகோல் கொண்டு காண்போம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்த அயான் ஸ்டார்ம் கூடத்தில், வாரன் ஸ்பெக்டரின் தலைமையில் இஃது உருவாயிற்று. ஹார்வி ஸ்மித் முதன்மை வடிவமைப்பாளர். கதைத்தலைவனின் கண்வழியே களத்தைக் கண்டு சுட்டுச் செல்வது ஒருவகை விளையாட்டு. ஒரு பாத்திரத்தை ஏற்று அதன் திறன்களைப் படிப்படியாக வளர்ப்பது மற்றொரு வகை. அவ்விரண்டும் இதன்கண் ஒன்றாயின. இவ்விணைப்பை முதன்முதல் செய்தது இதுவன்று. 1999-இல் வந்த 'சிஸ்டம் ஷாக் 2' முதலியனவும் செய்துள்ளன. எனினும், கால் நூற்றாண்டு கடந்தும் இவ்விளையாட்டு பேசப்படுவதற்குத் தனிக்காரணம் உண்டு.

கதை 2052-ஆம் ஆண்டில் நிகழ்கின்றது. 'சாம்பற் சாவு' என்னும் கொள்ளைநோய் உலகை வாட்டுகின்றது. அதற்குரிய அம்புரோசியா என்னும் மருந்தோ அதிகாரம் உடையார்க்கே கிட்டுகின்றது. ஐக்கிய நாடுகளின் பயங்கரவாத எதிர்ப்புப் படையில் புதிதாகச் சேர்ந்த ஜே. சி. டென்டன் கதைத்தலைவன். பறிபோன மருந்தைத் தேடி, தலையிழந்து நிற்கும் சுதந்திரச் சிலையின் தீவில் அவன் இறங்குகின்றான்.

பயிற்சியின் மதிப்பு

டென்டன் கற்கத்தக்க திறன்கள் 11. பூட்டுத் திறத்தல், மருத்துவம், நீச்சல், கணினி, துப்பாக்கி முதலியன அவற்றுள் அடங்கும். ஒவ்வொன்றும் பயிலாமை தொடங்கித் தேர்ச்சி ஈறாக 4 படிகள் உடையது. பயிலாதவன் கையில் துப்பாக்கி இருந்தும் பயனில்லை, குறி அலைகின்றது, அசையாது நின்று காத்திருந்தாலன்றிக் குண்டு இலக்கில் பாயாது. எல்லாவற்றையும் ஒருவனே கற்க இயலாது. உடலிற் பொருத்தும் நுண்கருவிகளிலும் இரண்டில் ஒன்றையே ஏற்கலாம். ஏற்றபின் மற்றொன்று கிட்டாது. ஆகவே, ஆடுவோர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனியொரு டென்டனை ஆக்கிக்கொள்கின்றனர்.

கொலைக்கு மதிப்பெண் இல்லை

இத்திறன்களை வளர்ப்பதற்குரிய புள்ளிகள் எவ்வாறு கிட்டுகின்றன என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் பகைவரைக் கொல்லக் கொல்லப் புள்ளி பெருகும். அங்கே இரக்கம் காட்டுவோன் இழப்படைவான். டியூஸ் எக்ஸில் கொலைக்குப் புள்ளியே இல்லை. இட்ட பணியை முடித்தற்கும், மறைந்துள்ள வழிகளையும் இடங்களையும் கண்டடைதற்குமே புள்ளி உண்டு. வாயிற்காவலரைச் சுட்டு வீழ்த்திப் புகுந்தவனும், பின்புறம் அடுக்கிய பெட்டிகளின்மேல் ஏறி ஓசையின்றிப் புகுந்தவனும் பணி முடித்ததற்குப் பெறுவது ஒன்றே.

இதனால் விளைவது யாது? கொல்லாமைக்குப் பரிசு தந்திருப்பின், பரிசுக்காகவே கொல்லாதிருப்பர். இங்கோ பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. இரங்குவதாயின் இரங்கும் மனத்தினாலேயே இரங்க வேண்டும். அறத்தை வாயாற் போதிக்கும் விளையாட்டுகளினும் இது மேம்பட்டு நிற்பது இவ்விடத்திலேயாம்.

மதிப்பெண் இல்லையேனும் சுற்றியுள்ளார் கவனிக்கின்றனர். படைக்கலப் பொறுப்பாளர் சாம் கார்ட்டர் அடக்கத்தை மதிக்கின்றார். உடன் பணிபுரியும் அன்னா நவார் இரக்கத்தை எள்ளுகின்றாள். சரணடைந்த லெபதேவ் என்பவனைக் கொல்லுமாறு அவள் ஏவுங்கால், ஆடுவோர் ஏவலுக்கு இணங்கலாம், வாளா நிற்கலாம், அவளையே எதிர்க்கலாம். மூன்றையும் கதை ஏற்றுக்கொண்டு தொடர்கின்றது.

தமையன் பால் டென்டனின் நிகழ்ச்சி இதனினும் நுட்பமானது. நியூயார்க் விடுதியில் படையினர் சூழ்ந்துகொள்ள, பலகணி வழியே தப்பிச் செல்லுமாறு பால் தம்பியைப் பணிக்கின்றான். சொல்லைக் கேட்டுச் சென்றால் பால் இறந்துபடுகின்றான். சொல்லை மீறி உடன்நின்று போரிட்டு வாயில்வழியே வெளியேறினால் அவன் உயிர் பிழைத்துப் பின்னர் ஹாங்காங்கில் எதிர்ப்படுகின்றான். இவ்வாறு செய்யலாம் என்று விளையாட்டு எங்கும் அறிவிப்பதில்லை. பணிவு வேறு, அன்பு வேறு என்பதை ஆடுவோர் தாமே உணர்தற்கு இடம்விட்டு ஆசிரியர் விலகி நிற்கின்றார்.

முடிவின் குறை

இத்துணைச் சிறப்பும் இறுதியில் தளர்கின்றது. கதை முடியுமிடத்தில் மூன்று முடிவுகள் வைக்கப்படுகின்றன. செய்தித்தொடர்பு மையத்தை அழித்து உலகை இருட்காலத்திற்குத் திருப்பலாம். இலுமினாட்டி என்னும் மறைகுழுவுடன் சேர்ந்து ஆளலாம். ஹீலியோஸ் என்னும் செயற்கை அறிவுடன் ஒன்றிவிடலாம். எதுவாயினும் ஆடுவோர் அங்கு வந்தபின் செய்வதே அதனை முடிவு செய்கின்றது. வழிநெடுகக் கொன்றவனுக்கும், எவரையும் வருத்தாது வந்தவனுக்கும், தமையனைக் காத்தவனுக்கும், கைவிட்டவனுக்கும் அதே மூன்று கதவுகள். அதுகாறும் ஒவ்வொரு செயலையும் நினைவில் வைத்திருந்த உலகம் அவ்விடத்தே எல்லாவற்றையும் மறந்துவிடுகின்றது.

விளையாட்டின் பெயரே இக்குறைக்குச் சான்று பகர்கின்றது. கிரேக்க நாடகங்களில் கதை அவிழாச் சிக்கலுற்றபொழுது பொறியின் வழியே ஒரு தெய்வத்தை மேடையில் இறக்கி முடிப்பது உண்டு. அவ்வழக்கைக் குறிக்கும் இலத்தீன் தொடரினின்று பிறந்ததே இப்பெயர். கதையின் அவிழ்ப்பு கதையினின்றே பிறத்தல் வேண்டும், பொறியினின்று பிறத்தலாகாது என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் கடிந்துரைத்தார். ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட அத்தடையை இவ்விளையாட்டு தப்பவில்லை.

முடிவுகளைத் தத்துவ வினாக்களாகக் கொள்ள வேண்டும், செயல்களின் கணக்காகக் கொள்ளலாகாது என்பார் உளர். வினாக்கள் உயர்ந்தனவே. ஆயினும், தன் கையாற் செய்ததைச் சுமந்து வந்தவனுக்கும் சுமக்காதவனுக்கும் வினா ஒன்றாகவே இருக்குமாயின், இடைப்பட்ட பயணத்தின் பொருள் குறைந்துபோம்.

வன்முறை மிக்க இவ்விளையாட்டு சிறுவர்க்கு உரியதன்று. எனினும், இளைஞர் உள்ளத்தை ஈர்க்கும் இத்துறையை ஆசிரியர் அறியாதிருத்தல் நன்றன்று. நல்லதைச் செய்யுமாறு வற்புறுத்தாது, நல்லதைச் செய்தற்கு இடம் தருவது எவ்வாறு என்பதற்கு டியூஸ் எக்ஸின் நடுப்பகுதி சிறந்த எடுத்துக்காட்டு. அவ்விடத்தைத் தந்தபின் இறுதிவரை காத்தல் எவ்வளவு அரிது என்பதற்கு அதன் முடிவு எடுத்துக்காட்டாகும்.