கூரையில் தொங்கிய கரிமூட்டைகள்

நிறுவற்கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1917இல் மார்செல் துஷாம்ப் நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்க் கோப்பையில்தான் தொடங்குகிறார்கள். கடையில் வாங்கிய பொருளும் கலையாகலாம் என்று அது காட்டியது உண்மை. ஆனால் அந்தக் கோப்பையைப் பீடத்தில் வைத்துச் சுற்றிவந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம். பார்ப்பவர் வெளியே நிற்கிறார், படைப்பு அவருக்கு எதிரே இருக்கிறது. அந்த வகையில் பழைய சிற்பத்திலிருந்து அது விலகவே இல்லை. நிறுவற்கலை, அதாவது இன்ஸ்டலேஷன் என்று இன்று நாம் அழைப்பது, கலைஞர்கள் கண்காட்சி அறையையே தம் வசம் எடுத்துக்கொண்டபோது பிறந்தது என்பது என் கருத்து.

1923இல் பெர்லின் கண்காட்சியில் ரஷ்யக் கலைஞர் எல் லிசிட்ஸ்கி, தமக்குக் கிடைத்த சிறு அறையில் படங்களை மாட்டாமல், சுவர்களிலும் மூலைகளிலும் வடிவங்களைத் தொடராக ஓடவிட்டார்; நடந்து பார்த்தால்தான் அது முழுமையாகும். ஏறக்குறைய அதே காலத்தில் ஹனோவரில் ஜெர்மன் கலைஞர் கர்ட் ஷ்விட்டர்ஸ், பொறுக்கிய பொருள்களையும் மரத்தையும் சாந்தையும் கொண்டு தம் வீட்டுக்குள்ளேயே ஒரு படைப்பை வளர்த்துவந்தார். 1937இல் நாஜி ஆட்சியிலிருந்து அவர் நார்வேக்குத் தப்பிப்போனார். 1943 குண்டுவீச்சில் வீடு அழிந்தது. என்றாலும் பாரிஸில் 1938 ஜனவரியில் நடந்த சர்ரியலிஸக் கண்காட்சியைத்தான் நான் திருப்புமுனையாகக் கொள்வேன். அங்கே நடு அறையின் கூரையிலிருந்து 1,200 கரிமூட்டைகளைத் தொங்கவிட்டார் துஷாம்ப். திணித்திருந்தது காகிதம்தான் என்றாலும், கரித்தூள் வந்தவர்கள்மேல் உதிர்ந்தது. திறப்பு நாளில் அறையை இருட்டாக்கிக் கையில் டார்ச் லைட் கொடுத்தார்கள். சுவரிலிருந்த ஓவியங்களைப் பார்க்க வந்தவர், எதைப் பார்ப்பது என்பதைத் தானே தேட வேண்டியிருந்தது, அதுவும் தலைக்குமேல் மூட்டைகள் தொங்க. 1961இல் அமெரிக்கக் கலைஞர் ஆலன் கேப்ரோ நியூயார்க்கின் மார்த்தா ஜாக்சன் கேலரியில் பின்முற்றம் முழுக்கப் பழைய டயர்களைக் கொட்டி, அங்கிருந்த சிற்பங்களைத் தார்க்காகிதத்தால் மூடி, வந்தவர்களை டயர்கள்மேல் ஏறி நடக்கவிட்டது இந்த வழியின் அடுத்த எட்டு.

கருவறையை நோக்கி வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் நம் கோயில்கள், பார்ப்பவரை உள்ளே நடக்கவைக்கும் இந்த வேலையை எப்போதோ செய்துவிட்டனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கோயிலுக்குள் போகிறவர் எங்கே குனிவது, எப்படி வலம்வருவது என்று தெரிந்தே போகிறார். டயர்க் குவியல்முன் நிற்பவருக்கு அப்படி எந்த வழக்கமும் கைகொடுப்பதில்லை. இதைவிடக் கனமான மறுப்பை 1967இல் அமெரிக்கக் கலை விமர்சகர் மைக்கேல் ஃப்ரீட் எழுப்பினார். அவர் குறிவைத்தது மினிமலிஸச் சிற்பங்களை. பார்ப்பவர் வந்து சேர்ந்தால்தான் நிறைவுபெறும் படைப்பு நாடகமாகிவிடுகிறது என்றார். குறை சொல்ல வந்தவர் இக்கலையின் இலக்கணத்தையே சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் அஞ்சியது பொய்யுமல்ல: பார்ப்பவரைப் படம் பிடித்துக்கொள்ள மட்டுமே அழைக்கும் பிரம்மாண்டங்கள் இன்று எங்கும் இருக்கின்றன.

பார்ப்பவரின் வருகை எப்போது அவசியமாகிறது என்பதற்கு இந்தியக் கலைஞர் விவான் சுந்தரத்தின் ‘மெமோரியல்’ (1993) நல்ல சான்று. பம்பாய்க் கலவரத்தின்போது தெருவில் இறந்துகிடந்த ஒருவரின் பத்திரிகைப் படம் அதன் மையம். காலையில் பார்த்து மாலையில் மறந்துவிடக்கூடிய படம். சுந்தரம் அந்தப் படத்தின் பிரதிகளில் ஆணிகளை அடித்தார். தகரப் பெட்டிகளை அடுக்கி நினைவு வளைவு எழுப்பினார். அதே படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினால் போதாதா? போதாது, பத்திரிகையைப் போலவே அதையும் கடந்துபோக முடியும். வளைவும் ஆணிகளும் அந்த அடையாளமற்ற மனிதருக்கு ஓர் இறுதி மரியாதையைச் செய்கின்றன, நாம் அதில் கால்வைத்துக் கலந்துகொள்கிறோம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2016 கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் நூலக அட்டவணைப் பெட்டிகளை வைத்தார். போர்க்கால வாழ்வின் கதைகள் அவற்றின் அட்டைகளில் இருந்தன. 1981இல் எரிக்கப்பட்ட யாழ் நூலகத்தை அறிந்தவருக்கு அந்தப் பெட்டிகளின் வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மீதியை அறிய அட்டைகளை எடுத்து, நின்று, ஒவ்வொன்றாக வாசித்தாக வேண்டும்.