ஒக்காமின் கத்தியும் ஒரு புதினமும்

உம்பெர்த்தோ எக்கோ 1980-இல் இத்தாலிய மொழியில் வெளியிட்ட 'ரோஜாவின் பெயர்' என்னும் புதினத்தைத் துப்பறியும் கதையாகவே பலரும் படித்து முடித்துவிடுகின்றனர். 1986-இல் வந்த திரைப்படமும் அவ்வெண்ணத்தையே வளர்த்தது. உண்மையில் அது ஒரு மெய்யியல் நெறியைப் பற்றிய நூல்.

அந்நெறி, ஆங்கில நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவி ஒக்காம் வில்லியமின் பெயரால் வழங்குவது. ஒன்றை விளக்கத் தேவைக்கு மேல் காரணங்களைப் பெருக்கலாகாது என்பதே அது. மிகையைச் சிரைத்து நீக்குவதால் அதனை 'ஒக்காமின் சவரக்கத்தி' எனப் பின்வந்தோர் அழைத்தனர். எளிய விடையே உண்மை விடை என்று அதற்குப் பொருள் கூறுவோர் உளர். அது பிழை.

கதை நிகழ்வது 1327 நவம்பரில், வட இத்தாலிய மலைமேல் அமைந்த ஆசீர்வாதப்பர் சபை மடமொன்றில். இளந்துறவி ஒருவரின் உடல் கோபுரத்தின் கீழ்க் கிடக்கிறது. விசாரிக்க வருபவர் பாஸ்கர்வில் வில்லியம். இவரை ஒக்காமின் நண்பராகவே எக்கோ படைத்துள்ளார். கோபுரத்திலிருந்து தள்ளப்பட்டார் எனின், ஒருவர் அவரைத் தாக்கியிருக்க வேண்டும், உயர்ந்த சாளரம்வரை சுமந்திருக்க வேண்டும், திறந்து வீசியிருக்க வேண்டும். மதிலிலிருந்து தாமே குதித்தார், சரிந்த மண் உடலை இழுத்துச் சென்றது எனின், வேறெதுவும் வேண்டா. அவ்வாறே நடந்திருந்தது.

பின்னர் மேலும் சாவுகள். திருவெளிப்பாட்டின் ஏழு எக்காளங்களை முதிய துறவி ஒருவர் நினைவூட்டுகிறார். முதலாமவர் இறந்தது ஆலங்கட்டி மழையில், அடுத்தவர் கிடந்தது இரத்தத்தில், மூன்றாமவர் நீரில். எவ்வளவு பொருத்தம்! வில்லியமும் மயங்கிவிடுகிறார். எல்லாவற்றிற்கும் ஒரே திட்டம் என்பது எளிமைபோல் தோன்றும்; ஆனால் அது, எவரும் காணாத ஒரு திட்டத்தை நிகழ்ச்சிகளின்மேல் கூடுதலாக ஏற்றுகிறது. முடிவில் தெரியவருவதென்ன? ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். ஒருவர் பொறாமையால் அடித்துக் கொல்லப்பட்டவர். மூவர் நஞ்சு தடவிய ஏட்டைப் புரட்டியவர்கள்.

வில்லியம் அத்திட்டத்தை ஏற்பதாகக் கேள்வியுற்ற குற்றவாளியே அதனை நம்பத் தொடங்குவதுதான் நூலின் நுட்பமான இடம். இறைவனின் திட்டமே சாவுகளை நடத்துகிறது, பொறுப்பு தமதன்று என அவர் தேறுகிறார். அடுத்தடுத்துச் சாவு விழுந்த இல்லங்களில் 'இது ஆண்டவரின் தண்டனை' என்று எளிதாகச் சொல்லிவிடும் நாவுகளை நானும் கேட்டிருக்கிறேன். சில வேளைகளில் அது குருவின் நாவாகவும் இருந்ததுண்டு.

எனினும் எக்கோவோடு முழுதும் உடன்பட இயலவில்லை. தம் கருத்துப் பொய்த்தபின், உலகில் ஒழுங்கே இல்லை என்கிறார் அவருடைய வில்லியம். ஒரு திட்டம் இல்லை என்பதிலிருந்து எத்திட்டமும் இல்லை என்பதற்குத் தாவ அந்தக் கத்தி இடந்தருவதில்லை. மெய்யான ஒக்காம், தானே தெளிவானதையும், பட்டறிவால் தெரிந்ததையும், திருநூல் சான்று பெற்றதையும் வெட்டாது விட்டவர். திருத்தந்தை 22-ஆம் அருளப்பரோடு முரண்பட்டு 1328-இல் அவிஞோனைவிட்டு வெளியேறிய பின்னரும், 1347-இல் மியூனிக்கில் இறக்கும்வரை, அவர் இறைநம்பிக்கையைக் கைவிட்டவரல்லர். கதையின் வில்லியமுக்கு இந்த மூன்று விலக்குகளும் நினைவுக்கு வரவில்லை. கண்ணெதிரே நூலகம் எரிந்துகொண்டிருந்த வேளையில் அவர் பேசிய பேச்சு அது என்பதையும் சொல்ல வேண்டும்.