இடி வருவதற்குள் ஒரு கேக்

பட்ரீஷியா போலாக்கோ எழுதி, ஓவியமும் தானே தீட்டிய ‘தண்டர் கேக்’ 1990இல் வெளிவந்த படக்கதைப் புத்தகம். களம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு பாட்டியின் பண்ணை. கோடைப் புழுக்கம், மேகம் திரள்கிறது. முதல் இடி முழங்கியதுமே பேத்தி கட்டிலுக்கடியில் புகுந்துகொள்கிறாள். பாட்டி வானத்தை ஒரு நோட்டம் விடுகிறாள். கேக் சுட இதைவிடத் தோதான வேளை கிடையாது என்று தீர்மானித்துவிடுகிறாள்.

இடி வெறும் சத்தம்தான் என்று பாட்டி ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கிறாள். எடுபடவில்லை. அதற்குமேல் புத்திமதியில் இறங்காமல் வேலையில் இறங்குகிறாள். ஒரே ஒரு நிபந்தனை: புயல் வந்து சேர்வதற்குள் கேக் அடுப்பேறிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது இடி கேக்கே அல்ல. இந்த நிபந்தனைதான் கதையின் அச்சாணி. அதுவரை பூச்சாண்டியாக இருந்த இடிக்கு, கெடு சொல்லும் மணியடிக்கிற வேலை வந்துவிடுகிறது. பூச்சாண்டிக்கு ஒளியலாம், கெடுவுக்கு ஒளிந்து பயனில்லை, ஓடத்தான் வேண்டும்.

மின்னல் வெட்டியதும் நிதானமாக எண்ணத் தொடங்கு, இடி கேட்டதும் நிறுத்து, அத்தனை மைல் தொலைவில் புயல் இருக்கிறது என்று பாட்டி ஒரு கணக்கும் கற்றுத்தருகிறாள். முதல் எண்ணிக்கை பத்து. நம் ஊரில் இடி இடித்தால் ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லச் சொல்வார்கள். இந்தப் பாட்டி எண்களைச் சொல்லச் சொல்கிறாள். நடுங்குகிற வாய்க்கு இரண்டுமே ஒரு பிடிமானம்.

கணக்கு சரியா என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். ஒரு மைல் கடக்க 5 நொடி பிடிக்கும். எண்ணிக்கை பத்து என்றால் புயல் இரண்டு மைலில் நிற்கிறது! மின்னலுக்கும் இடிக்கும் 30 நொடி இடைவெளி இருந்தாலே வீட்டுக்குள் போய்விடு என்பது ஒரு பாதுகாப்பு விதி. அந்த வகையில் இந்தப் பாட்டி பின்பற்றத் தக்கவள் அல்ல. கதைக்குள் மட்டும் இந்தத் தாராளக் கணக்கு அழகாக வேலை செய்கிறது: பயந்த குழந்தைக்கு எட்டு மைல் கூடுதலாகக் கிடைக்கிறது.

பிறகு சாமான் சேகரிப்பு. முட்டை வேண்டுமென்றால் கொத்துவதற்குப் பேர்போன நெல்லி பெக் கோழியிடம் போக வேண்டும். பாலுக்கு உதைகாலியான கிக் பசு. சர்க்கரை, மாவு, சாக்லேட் எல்லாம் காட்டுப் பாதை தாண்டி ஒரு கொட்டகையில். தக்காளிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் கொடிப்பந்தலில் ஏறியாக வேண்டும். ஒவ்வொரு சாமானையும் ஒரு சின்னப் பயம் காவல் காக்கிறது. வானத்துப் பயத்தைச் சிறுமியால் ஒன்றும் செய்ய முடியாது. அலகையும் குளம்பையும் சமாளிக்க முடியும். எண்ணிக்கை பத்திலிருந்து இறங்க இறங்க, சாமான்கள் ஒவ்வொன்றாய்ச் சேர்கின்றன. ஒரே நேரத்தில் ஏறும் வரிசை ஒன்று, இறங்கும் வரிசை ஒன்று. அச்சமும் ஆவலும் ஒன்றாகவே கூடுகின்றன. பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடிவதில்லை.

படங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முகங்களிலும் கைகளிலும் பென்சில் கோடுகளை அழிக்காமல் விட்டுவைக்கிறார் போலாக்கோ. உடைகளிலோ பூவும் கட்டமுமாக நிறம் கொப்பளிக்கிறது. பாட்டியின் தலைக்குட்டைக்குக் கீழே அந்த மெல்லிய கோடுகள் சுருக்கங்களாகவே மாறிவிடுகின்றன.

கேக் அடுப்பேறிய பிறகுதான் பாட்டி கணக்கை முடிக்கிறாள். கோழியிடம் போனது யார், பசுவிடம் போனது யார், பந்தலில் ஏறியது யார்? தைரியசாலி அல்லாமல் வேறு யாரால் முடியும்? கட்டிலுக்கடியில் ஒளிந்தவள்தானே நான் என்று பேத்தி மறுக்கிறாள். அங்கிருந்து வெளியே வந்தவளும் நீதானே என்று மடக்குகிறாள் பாட்டி. அவள் பாராட்டாகச் சொல்வதில்லை, நடந்ததை வரிசைப்படுத்துகிறாள், அவ்வளவுதான். அதனால்தான் சிறுமியால் மேற்கொண்டு மறுக்க முடியவில்லை. பயம் போனபின் வந்த தைரியம் அல்ல இது; பயத்தோடு செய்த வேலைகளின் கூட்டுத்தொகை.

கேக்கின் ரகசியச் சேர்மானம், நன்றாகக் கனிந்த தக்காளி. சாக்லேட் கேக்கில் தக்காளி இருப்பது வெட்டித் தின்னும்போது தெரியாது. சிறுமியின் தைரியமும் அப்படித்தான் கலந்திருந்தது. ஆனால் இந்த ஒப்புமையை ஆசிரியர் எங்கும் விளக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் நீதிமொழி எதுவும் இல்லை. கேக்கின் செய்முறை இருக்கிறது, மூன்றில் ஒரு பங்குக் கோப்பைத் தக்காளிக் கூழ் உட்பட. பாட்டியிடம் பேத்தி போலாக்கோ கற்ற வித்தை இதுதான் போலும்: புத்தகம் வாசிக்கிற குழந்தைக்கும் அவர் அறிவுரை சொல்லவில்லை, கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறார்.