கங்காணிக்குச் சாதி இல்லையா?

2013இல் வந்த பாலாவின் 'பரதேசி'யை ஆய்க்குடி காலனியில் ஆச்சியோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தேன். ஆச்சியின் அய்யா தேயிலை எஸ்டேட்டுக்குப் போய் உயிரோடு திரும்பியவர். கடைசியில் ராசாவின் பெண்டாட்டி பிள்ளையோடு அதே மலைக்கு வந்துசேர, அவன் கதறுகிறான். நான் அழுதுவிட்டேன். ஆச்சி அழவில்லை.

"ஏலே, வெள்ளக்காரனா நம்ம வாசல்ல வந்து நின்னான்? கங்காணில்லா வந்தான். நம்ம செம்புல தண்ணி குடிக்கமாட்டான். முன்பணத்த மட்டும் தூக்கிப் போடுவான்."

படத்தில் கங்காணி உண்டு. அவன் சாதி இல்லை. தண்டோரா போட்டு ஊர்ச்சோறு வாங்கித் தின்னும் ராசாவுக்கும் சாதி இல்லை. பஞ்சத்தில் முதலில் பசித்தவன் யார், நிலம் யாரிடம் இருந்தது என்று கேட்காமலே கேமரா மலையேறிவிடுகிறது.

முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டால் மூன்று மாதம் வரை சிறை என்றது 1859ஆம் ஆண்டுச் சட்டம். 1925இல் அதை நீக்கினார்கள். படம் நடப்பது 1939இல். சட்டம் போனபிறகும் கடன் எப்படி நின்றது? வெள்ளையனின் சட்டத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

படத்துக்கு மூலம் பி. எச். டேனியலின் 'ரெட் டீ' (1969). இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று தந்தார். டேனியல் தோட்ட மருத்துவர், தொழிலாளர் சங்கம் கட்டியவர். நாவலின் டாக்டர் தொழிலாளி பக்கம் நிற்கிறார். படத்தின் டாக்டரோ மதம் மாற்ற ஆடிப்பாடும் கோமாளி. அதற்கு வாய் வந்தவர்களுக்குச் சாதியைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. நாவலின் களமான ஆனைமலை காடர்களின் காடு. ஒரு காடர் முகம்கூட எனக்குத் தென்படவில்லை.

ஆஸ்திரேலியாவில் பிலிப் நாய்ஸ் என்ற வெள்ளையர் 'ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்' (2002) எடுத்தார். 1931இல் அரசு தாயிடமிருந்து பறித்துப்போன பழங்குடிச் சிறுமிகள் முயல்வேலி ஓரமாகவே நடந்து ஊர் திரும்பிய கதை. எழுதியது அவர்களில் மூத்தவளான மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன். அதிகாரி நெவிலின் பெயரைப் படம் மறைக்கவில்லை. முடிவில் நிஜ மோலியும் டெய்சியும் கிழவிகளாக வந்து நிற்கிறார்கள். நம் படத்தில் எந்தக் கிழவி வந்து நின்றாள்?

பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) உள்ளூர் ஆண்டையைக் காட்டிவிட்டுத்தான் வெள்ளையனிடம் போகிறது. தேயிலை மலைக்கு அப்படியொரு படம் இல்லை. வெள்ளையனைத் திட்டி எல்லோரும் சேர்ந்து அழும்போது, கங்காணியின் பேரனும் நம் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். அவனிடம் கணக்குக் கேட்கும் படத்தை நாம்தான் எடுக்கவேண்டும். ஆச்சிகள் இருக்கும்போதே எடுக்கவேண்டும்.