பன்னிரண்டு பேர் கையிலும் ஒரே பட்டியல்

ஆகஸ்ட் கடைசி வந்துவிட்டால் அமெரிக்காவில் அலுவலகம், பார், வீட்டு வரவேற்பறை என்று வித்தியாசமில்லாமல் ஃபேன்டஸி கால்பந்து டிராஃப்ட் களைகட்டும். பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு லீக். ஆளுக்கொரு கற்பனை அணி. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்-லின் வீரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். செப்டம்பரில் சீசன் தொடங்கியதும் நிஜ மைதானத்தில் அந்த வீரர் ஓடும் யார்டும் போடும் டச்டவுனும் அவரை எடுத்தவர் கணக்கில் புள்ளியாக ஏறும். ஃபேன்டஸி என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் ட்ரீம்11 வேறு ரகம். அங்கே ஒரே பும்ராவை லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒருவர் எடுத்துவிட்டால் அந்த வீரர் மற்றவர்களுக்குக் கிடையாது. மொத்த விளையாட்டும் அந்த ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது.

ஆனால் எடுக்கும் சுவாரசியம் தேய்ந்துபோய்ப் பல வருடமாகிவிட்டது. எந்த வீரர் சராசரியாக எத்தனையாவதாகப் போகிறார் என்ற பட்டியல் எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. பன்னிரண்டு பேரும் அதையே பார்த்து எடுத்தால், டிராஃப்ட் என்பது வகுப்பில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது. பழைய லீக்குகள் விசித்திர விதிகளைத் தேடிப் போவது இதனால்தான். அவற்றில் பாதி வெறும் கோமாளித்தனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விதிதான் வீரரின் விலையைத் தீர்மானிக்கிறது என்பது இந்த விளையாட்டின் முதல் நாளே தெரிந்துபோன சங்கதி. 1962-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர் பில் விங்கன்பாக், வெளியூர் ஆட்டங்களுக்காக அணியோடு நியூயார்க் போயிருந்தபோது, ஓட்டல் அறையில் சிலரோடு சேர்ந்து போட்ட திட்டம் இது. மறு ஆண்டு அவர் வீட்டில் எட்டு அணிகளோடு முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஹூஸ்டன் ஆயிலர்ஸின் ஜார்ஜ் பிளாண்டா. அதற்கு முந்தைய சீசனில்தான் 42 பந்துகளை எதிரணியிடம் வீசிக் கொடுத்தவர். அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை! ஜிம் பிரவுன் போன்ற ஓட்டக்காரர் இருந்த காலத்தில் இவரை ஏன் எடுக்க வேண்டும்? பிளாண்டா பந்தை வீசும் குவாட்டர்பேக் மட்டுமல்லர், உதைக்கும் கிக்கரும்கூட. வீசினாலும் வரவு, உதைத்தாலும் வரவு. எடுத்தவர்கள் விதியைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள்.

இன்றைய விசித்திர விதிகளில் என் ஓட்டு முதலில் மூன்றாம் சுற்றுத் திருப்பத்துக்கு. வழக்கமான ஸ்னேக் டிராஃப்டில் சுற்றுக்குச் சுற்று வரிசை தலைகீழாகும். 12 அணி லீக்கில் முதல் இடத்துக்காரருக்கு 1, 24, 25-ஆவது வீரர்கள். கடைசி இடத்துக்காரருக்கு 12, 13, 36. கூட்டினால் 50-க்கு 61. புதிய விதியில், இரண்டாம் சுற்றைப் போலவே மூன்றாம் சுற்றையும் கடைசி ஆளே தொடங்குவார். இப்போது முதல்வருக்கு 1, 24, 36. கடைசி ஆளுக்கு 12, 13, 25. கூட்டுத்தொகை அச்சு அசலாக இடம் மாறி 61-க்கு 50 ஆகிறது.

அநியாயம் ஆள் மாறியதுதானே என்று கேட்கலாம். காகிதத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் முதல் வீரருக்கும் பன்னிரண்டாவது வீரருக்கும் உள்ள இடைவெளி மலை. 25-க்கும் 36-க்கும் உள்ளது மேடு. 2006-இல் சான் டியாகோவின் லாடெய்னியன் டாம்லின்சன் 31 டச்டவுன் போட்டார். டிராஃப்டில் முதல் இரண்டு மூன்று இடத்துக்குள் உட்கார்ந்தவருக்குத்தான் அவர் கிடைத்திருப்பார். பத்தாவது இடத்தில் இருந்தவர் எத்தனை புத்திசாலியாக இருந்து என்ன பயன்? அந்த மலைக்கு மூன்றாம் சுற்றில் கொஞ்சம் ஈடு கட்டுவதுதான் இந்த விதி.

சூப்பர்ஃப்ளெக்ஸ் என்ற விதி இன்னும் காரமானது. என்.எஃப்.எல்-லில் 32 அணிகள். வாரத்துக்கு 32 குவாட்டர்பேக்குகள்தான் ஆட்டத்தைத் தொடங்குவார்கள். லீக்கில் ஆளுக்கொருவர் என்றால் 12 பேர் போதும், சரக்கு தேங்கும், எட்டாவது சுற்றிலும் நல்லவர் கிடைப்பார். இரண்டாவது குவாட்டர்பேக்கையும் இறக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் தேவை 24. ஓய்வு வாரங்களையும் காயங்களையும் கழித்துப் பார்த்தால் பஞ்சம்தான். சென்ற ஆண்டு சீண்டப்படாத சுமார் ஆட்டக்காரருக்குத் திடீர் மவுசு. பழைய பட்டியல் குப்பைக்குப் போகும்.

வாம்பயர் லீக் என்று ஒன்று உண்டு. ஒருவர் மட்டும் டிராஃப்டிலேயே கலந்துகொள்ளமாட்டார். மற்றவர்கள் எடுத்து முடித்தபின் மிச்சத்தைப் பொறுக்கி அணி அமைப்பார். எந்த வாரம் ஜெயிக்கிறாரோ, தோற்றவரின் களமிறங்கிய அணியிலிருந்து ஒரு வீரரைப் பிடுங்கிக்கொண்டு தன் ஆளைத் தள்ளிவிடுவார். கேட்கச் சிரிப்பு வரும். 2023-ஐ நினைத்துப் பாருங்கள். என்.எஃப்.எல்-லின் நிஜ டிராஃப்டில் ராம்ஸ் அணி ஐந்தாம் சுற்றில் எடுத்த புதுமுகம் பூகா நகுவாவைப் பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகளில் யாரும் சீண்டவில்லை. அணியின் நட்சத்திரம் கூப்பர் கப் காயத்தில் உட்கார, சியாட்டிலுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 10 பந்து பிடித்து 119 யார்டு. சீசன் முடிவில் 1,486 யார்டு, அறிமுக வீரர் சாதனை. (அவர் முறியடித்தது 1960-இல் பில் குரோமன் வைத்த 1,473. குரோமனுக்குப் பந்து வீசியவர் நம் பிளாண்டாதான்.) மிச்சத்தில் இப்படி ஒருவர் கிடந்தால் வாம்பயருக்குப் பல் முளைத்துவிடும்.

இனி வேண்டாதவை. கண்ணைக் கட்டிச் சீட்டெடுத்து வீரரைத் தேர்வது, பெயரின் முதலெழுத்துப்படி எடுப்பது, நடுவில் சக்கரம் சுற்றிவிட்டு ஒருவருடைய அணியை இன்னொருவருக்கு மாற்றுவது. பீரோடு ஒரு மணி நேரம் சிரிக்கலாம். பதினேழு வாரம் அதன் பலனைச் சுமக்க வேண்டும். அதிர்ஷ்டம் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. 2018-இல் ஒப்பந்தத் தகராறில் நட்சத்திர ஓட்டக்காரர் லெவியான் பெல் சீசன் முழுக்க ஆடவே இல்லை. 2024-இல் பல லீக்குகளில் முதல் ஆளாகப் போன கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஆடியது நான்கே ஆட்டங்கள். இதற்குமேல் சக்கரம் எதற்கு?

வீரர்களை அடுத்த ஆண்டுக்கும் தக்கவைக்கும் லீக்குகளுக்கு ஒரு விதி அவசரத் தேவை. என்.எஃப்.எல். அணிகள் புதுமுகங்களை எடுக்கும் நிஜ டிராஃப்டைப் பார்த்து, கடைசியில் வந்தவருக்கே முதல் தேர்வு என்று வைத்துவிடுகிறார்கள். நவம்பரில் நம்பிக்கை போனவர் வேண்டுமென்றே காயம்பட்டவரை இறக்கித் தோற்க ஆரம்பிப்பார். என்.பி.ஏ. இந்த நோய்க்கு 1985-இலிருந்து குலுக்கல் வைத்துப் பார்க்கிறது. நண்பர்கள் லீக்குக்கு அதைவிட எளிய வழி: பிளேஆஃபுக்கு வராத அணிகள் தங்களுக்குள் தனியாக மோதட்டும், அதில் ஜெயிப்பவருக்கு அடுத்த ஆண்டின் முதல் தேர்வு. டிசம்பரிலும் அணியைக் கவனித்தவருக்கே பரிசு. ஸ்லீப்பர், ஈஎஸ்பிஎன் எந்தச் செயலியில் ஆடினாலும், லீக்கை நடத்தும் கமிஷனர் ஒரு தாளில் குறித்துவைத்து நடத்திவிடலாம். வாக்கெடுப்பை மட்டும் இந்த சீசன் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். யார் கடைசி என்று தெரிந்தபின் கேட்டால் கடைசி ஆள் சம்மதிக்கமாட்டார்.