கள்ளனுக்குக் கடினமான வேடம்

கல்பிட்டிக் கரையில் கடற்படை பிடித்த பீடி இலை மூட்டைகளின் படம் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின், 2020 முதல், மஞ்சள் மூட்டைகளும் அந்தப் படங்களில் சேர்ந்துகொண்டன. சட்டத்துக்கு வெளியே நடக்கும் தொழில் நம் வீட்டுப் பின்புறத்துக் கடலில்தான் நடக்கிறது. அதைச் செய்கிறவன் கொம்பு முளைத்தவன் அல்ல என்று நமக்குத் தெரியும். ஆகவே, திரையில் ஒரு கள்ளன் வந்தால் அவன் எப்படிச் சண்டை போட்டான் என்பதோடு இந்தக் கரை திருப்தியடையக் கூடாது. பகல் வெளிச்சத்தில், நாலு பேர் நடுவில் அவன் எப்படி நின்றான் என்றும் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் 70 ஆண்டு கடந்தும் தேறி நிற்கும் படம் 'மலைக்கள்ளன்'. 1954 ஜூலையில் வெளியானது. மூலக்கதை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல். 1930இல் வேதாரணியத்துக்கு உப்பு அள்ளப் போன தொண்டர்களுக்கு நடைப்பாட்டு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். உப்பளம் சூழ்ந்த புத்தளத்தார் அவரை அந்த வகையிலும் நினைக்கலாம். வசனம் மு. கருணாநிதி. தயாரித்து இயக்கியவர் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு. நாயகன், நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர்.

எம்.ஜி.ஆருக்கு இதில் மூன்று முகம். மலையில் கூட்டத்தோடு வாழும் கள்ளன். ஊருக்குள் பொலிஸ்காரர்களோடு பழகும் பணக்கார முஸ்லிம் வியாபாரி அப்துல் ரஹீம். கடைசியில் வெளிப்படும் உண்மையான ஆள், குமாரவீரன். ரசிகர்கள் முதல் முகத்தைக் கொண்டாடினார்கள். குதிரையும் சண்டையும் அதில்தான். ஆனால் அது அவருக்குக் கைவந்த வேலை. என் கணக்கில் படத்தைத் தாங்குவது அப்துல் ரஹீம்.

ஏனென்றால் அங்கே அவர் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்காக நடிக்க வேண்டியிருக்கிறது. எதிரே நிற்கும் பொலிஸ்காரனுக்கு அவர் வியாபாரி. கொட்டகையில் இருக்கும் நமக்கு வியாபாரி வேடம் போட்ட கள்ளன். வேடம் கொஞ்சம் தளர்ந்தால் பொலிஸ்காரன் முட்டாளாகிவிடுவான், கதை கெட்டுவிடும். வேடம் முழுக்க இறுகினால் உள்ளே இருக்கும் கள்ளனை நாம் மறந்துவிடுவோம். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகலான வரப்பில் அவர் பதற்றமில்லாமல் நடக்கிறார். தாடியும் உடையும் பாதி வேலையைச் செய்கின்றன. மீதியைக் குரல் செய்கிறது. 1967 ஜனவரியில் குண்டடி பட்டுத் தொண்டை பாதிக்கப்படுவதற்கு முந்திய குரல் அது. பிற்கால எம்.ஜி.ஆரை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தெளிவே ஒரு புதையல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முஸ்லிம் வேடத்தை மலிவான சிரிப்புக்குப் பயன்படுத்துவது சினிமாவில் சுலபம். 1954இல், ஒரு படத்தின் நாயகன் தன் மூளையை, நிதானத்தை, ஊர்மதிப்பை எல்லாம் ஒரு முஸ்லிம் வணிகனின் முகத்தில் வைத்தான். கல்பிட்டியிலும் புத்தளத்திலும் வணிகத்தைத் தலைமுறையாகச் செய்துவரும் குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

பி. பானுமதி இல்லாவிட்டால் இவ்வளவும் பாதியாகியிருக்கும். கடத்தப்பட்டுக் கள்ளனால் மீட்கப்படும் பூங்கோதையை அவர் அழுகைப் பாத்திரமாக விடவில்லை. காப்பாற்றியவனையும் சந்தேகத்தோடு அளந்து பார்க்கிறார். அவர் நம்பத் தொடங்கும்போதுதான் நாமும் நம்புகிறோம்.

சிறந்த தமிழ்ப் படத்துக்கான குடியரசுத் தலைவர் வெள்ளிப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. தெலுங்கில் என்.டி. ராமராவ், மலையாளத்தில் சத்யன், கன்னடத்தில் கல்யாண்குமார் என்று கள்ளன் மொழி மாறிப் போனான். சிங்களத்தில் 'சுரசேன'வாக 1957இல் நம் நாட்டுக்கும் வந்தான். இந்தியில் அதே ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த 'ஆசாத்' சோக நாயகனான திலீப்குமாரைச் சிரிக்க வைத்து, அவருக்கு ஃபிலிம்பேர் விருதும் வாங்கிக் கொடுத்தது. 1993இல் ஷங்கரின் 'ஜென்டில்மேன்' வந்தபோது, அதன் நாயகன் பகலில் அப்பள வியாபாரி, மறைவில் கொள்ளைக்காரன். அப்துல் ரஹீமின் நேர் வாரிசு அவன். இடையில் வந்த பல படங்கள் சண்டையை எடுத்துக்கொண்டு வியாபாரியை விட்டுவிட்டன. அவை நினைவில் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த வியாபாரி முகத்தின் மறுபக்கத்தைக் காட்டியவர்கள் சிங்களக் கலைஞர்கள். 1971இல் டி. பி. நிஹால்சிங்க இயக்கிய 'வெலிகதர', இலங்கையின் முதல் சினிமாஸ்கோப் படம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்காட்டில் எடுத்தது. அந்த மணல்மேடுகளைப் பார்க்கும் கல்பிட்டிக்காரன் தன் ஊர் என்றே நினைப்பான். காமினி பொன்சேகா பொலிஸ் அதிகாரி. ஜோ அபேவிக்ரம சட்டத்துக்கு அகப்படாத கோரிங் முதலாளி. நகைச்சுவை நடிகராகத்தான் ஜோவை அதுவரை பெரும்பாலான ரசிகர்கள் அறிந்திருந்தார்கள். சிரிக்க வைத்துப் பழகிய அந்த முகத்தையே அவர் மிரட்டலாக மாற்றினார். எம்.ஜி.ஆரின் வியாபாரி முகத்துக்குப் பின்னால் நல்லவன் இருந்தான். ஜோவின் முதலாளி முகத்துக்குப் பின்னால் யாரையும் விலை பேசத் துணிந்தவன் இருந்தான். நம் கடலில் இன்று நடப்பதற்கு அருகில் இருப்பவன் ஜோவின் ஆள்தான். இதைச் சொல்ல எனக்கு வருத்தம், ஆனால் அதுதான் உண்மை.

மலைக்கள்ளன் வகை ஆளும் இந்த மண்ணில் இல்லாமலில்லை. மாவனெல்லைப் பக்கம் உதுவன்கந்தையில் ஒளிந்து கண்டி வீதியைக் கலக்கிய சரதியேலும் அவனது தோழன் மம்மாலி மரைக்காரும் 1864 மே 7ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு சிங்களவனும் ஒரு முஸ்லிமும் கடைசி வரை பிரியாத கதை அது. தமிழ் மேடைக்கு அது இன்னும் உரியபடி வரவில்லை.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும் புத்தளம், முந்தல், உடப்பு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கதையை எடுங்கள். உங்களிடமுள்ள மிகச் சிறந்த நடிகனுக்கு வாளைக் கொடுக்காதீர்கள். சந்தைக்குள் மாறுவேடத்தில் வரும் காட்சியைக் கொடுங்கள்.