தொல்காப்பியப் பூங்காவில் பறை எங்கே?

சென்னை அடையாற்றுக் கழிமுகத்தில் 2011இல் திறந்த 58 ஏக்கர் பூங்காவுக்குத் தொல்காப்பியப் பூங்கா என்று பெயர். குப்பை கொட்டிக்கிடந்த கழியை மீட்டதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் தமிழ் எம்.ஏ. படித்தவள், கேட்காமல் இருக்க முடியவில்லை. தொல்காப்பியம் சொல்லும் கருப்பொருளில் மரம், பறவை மட்டுமா? பறையும் தொழிலும் உண்டே!

மரம் நட்டார்கள், பறவையை எண்ணினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அதே ஆற்றங்கரைச் சனங்களை 'ஆக்கிரமிப்பு' என்று பெயர்த்து, பள்ளிக்கரணைச் சதுப்போரம் பெரும்பாக்கத்தில் தள்ளினார்கள். 2023 டிசம்பர் புயலில் அங்கயும் தண்ணி. கொக்குக்கு ஆத்தோரம் எடம் இருக்கு. அங்க பொழைச்ச சனத்துக்கு இல்ல.

அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியதும் இதே தொல்காப்பியம்தான். நகரத்து இயற்கையைத் திட்டமிடுகிறவர்கள் அந்தச் சூத்திரத்தை மட்டும் பிசகாமல் படித்திருக்கிறார்கள்.